முதல் நிமிடத்துக் காற்று

செஞ்சி வட்டத்தில் அனந்தபுரம் ஒரு பேரூராட்சி. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை விழுப்புரம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. முண்டியம்பாக்கத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. 108 வண்டி எவ்வளவு விரட்டினாலும் அனந்தபுரத்திலிருந்து அங்கே போய்ச் சேர அரை மணி நேரத்துக்குக் குறையாது. பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் அதற்கு உதவி கிடைக்க வேண்டியது ஒரு நிமிடத்துக்குள். ஆகவே முண்டியம்பாக்கத்தில் எத்தனை கருவிகள் இருந்தாலும், அந்தக் குழந்தை பிழைப்பது அது பிறந்த அறையில் அப்போது பக்கத்தில் நிற்கும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

வெளியே வராந்தாவில் நிற்கும் உறவுக்காரர்களுக்குச் செய்தி துண்டு துண்டாக வரும். “அழலையாம்.” “தண்ணி குடிச்சிடுச்சாம்.” “பெட்டியில வெச்சிருக்காங்களாம்.” எல்லாவற்றுக்கும் அடுத்து யாராவது ஒரு பாட்டி கேட்பார்: “ஆக்சிஜன் வெச்சாங்களா?” வைத்தார்கள் என்றால் ஒரு நிம்மதி. வைக்கவில்லை என்றால், குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆஸ்பத்திரி மேல் ஒரு மனத்தாங்கல் மிச்சமிருக்கும். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு வாக்கில்கூட மருத்துவ வழிகாட்டு நெறிகள் அவர் பக்கம்தான் இருந்தன: மூச்சு விடாத குழந்தைக்கு நூறு சதவீத ஆக்சிஜன். அந்தப் பாடத்தைத் திருத்தியதில் இந்திய மருத்துவமனைகளின் பிரசவ அறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சந்திரயானைப் பற்றி நாம் பேசுவதில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலில் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது. நுரையீரலே சுரந்த திரவம்தான் நிறைந்திருக்கிறது. ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சு வழியாகத் தொப்புள்கொடிக்கு வருகிறது. அதுவும் கொஞ்சமாகத்தான் வருகிறது. நம் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 90 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். கருவில் அது 25, 30ஐ ஒட்டியே இருக்கும். 2007இல் எவரெஸ்ட் உச்சிக்குச் சற்றுக் கீழே, 8,400 மீட்டரில், மலையேறிய மருத்துவர்கள் தங்கள் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தபோது கிடைத்த அளவும் ஏறக்குறைய இவ்வளவுதான். குழந்தையோ அந்த அளவில் பத்து மாதம் சுகமாக வளர்கிறது. கருவின் ஹீமோகுளோபின் தனி வகை. ஆக்சிஜனை நம்முடையதைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். இதயமும் எடைக்கு மீறிய வேகத்தில் ரத்தத்தை இறைக்கும். குறைந்த ஆக்சிஜனில் வாழ்வதற்கென்றே அமைந்த உடல் அது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் வந்தது. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதே கருவியைப் பிறந்து ஒரு நிமிடமான, நன்றாக அழுகிற, முழு ஆரோக்கியமான குழந்தையின் வலது கையில் மாட்டினால் 60, 65 என்று காட்டும். இரண்டு நிமிடத்தில் 65 முதல் 70. ஐந்தாவது நிமிடத்தில்தான் 80ஐத் தாண்டும். 90ஐ எட்டப் பத்து நிமிடம்கூட ஆகலாம். இதில் பிழை ஏதும் இல்லை. இயற்கை வைத்திருக்கும் நடை அது. இந்த அளவுகளை நிமிடம் நிமிடமாக அளந்து அட்டவணையாக்கியது 2010இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு. அதுவரை நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைத் திறந்துவிட்டதில் எத்தனை முறை அவசியமில்லாமல் திறந்தார்களோ!

முதல் மூச்சு ஒரு பெரிய வேலை. ஈரமான பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்கு எவ்வளவு சிரமம் என்று மளிகைக்கடைக்காரரைக் கேட்டால் தெரியும். ஒரு தடவை ஊதிப் பிரித்துவிட்டால் அப்புறம் சுலபம். நுரையீரலின் சிற்றறைகளும் அப்படித்தான். முதல் சில மூச்சுகளின் விசையில் உள்ளிருக்கும் திரவம் சுற்றியுள்ள திசுவுக்குள் தள்ளப்படுகிறது. காற்று வந்து உட்காருகிறது. காற்று வந்ததும் அதுவரை சுருங்கிக் கிடந்த நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. இதயத்திலிருந்து ரத்தம் அங்கே பாய்கிறது. கருவில் நுரையீரலைத் தவிர்த்துப் போய்க்கொண்டிருந்த குறுக்கு வழிகள் மெல்ல மூடிக்கொள்கின்றன. உடலின் ரத்த ஓட்டப் பாதையே சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. வாழ்நாளில் இன்னொரு முறை நம் உடல் இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு சீக்கிரம் செய்வதில்லை.

இந்தக் காற்றில் நைட்ரஜனுக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போய்விடும். நைட்ரஜன் பெரும்பாலும் போகாது. சிற்றறையிலேயே தங்கி அந்த அறை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சுத்த ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால் அது உறிஞ்சப்பட்டதும் சில அறைகள் சுருங்கிப் போகின்றன. பயனற்றதென்று நாம் ஒதுக்கும் வாயு அங்கே முட்டுக் கொடுத்து நிற்கிறது.

நூறு குழந்தைகளில் 90 பேர் யார் உதவியும் இல்லாமல் மூச்சைத் தொடங்கிவிடுவார்கள். சுமார் 10 பேருக்குத் துடைப்பதும் முதுகைத் தேய்ப்பதுமாகக் கொஞ்சம் தூண்டுதல் வேண்டும். பையும் முகமூடியும் வைத்துக் காற்றை உள்ளே தள்ள வேண்டியது அந்தப் பத்திலும் சிலருக்குத்தான். மார்பை அழுத்துவதும் மருந்து ஏற்றுவதும் நூறில் ஒருவருக்குக்கூடத் தேவைப்படாது. பழைய சினிமாவில் டாக்டர் குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பின்புறம் தட்டுவாரே, அதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அதைச் செய்யக்கூடாது.

சரி, அப்படிக் காற்றைத் தள்ளும்போது சாதாரணக் காற்றைத் தள்ளுவதா, ஆக்சிஜனைத் தள்ளுவதா? பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைப்பதுதானே முறை என்று மனம் சொல்லும். அந்த எண்ணத்தின் மேல் முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் நார்வேயின் ஓலா டிட்ரிக் சாக்ஸ்டாட். 1970களில் இளம் ஆய்வாளராக அவர் ஹைப்போசாந்தின் என்ற பொருளை ரத்தத்தில் அளந்துகொண்டிருந்தார். ஆக்சிஜன் போதாதபோது செல்கள் தங்கள் ஆற்றல் இருப்பான ஏடிபியை உடைத்து உடைத்துச் செலவழிக்கின்றன. உடைந்த மிச்சமாகச் சேர்வது ஹைப்போசாந்தின். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் குழந்தை எவ்வளவு நேரம் திணறியது என்று ஊகிக்கலாம். முதலில் அவ்வளவுதான் நோக்கம்.

ஆனால் ஹைப்போசாந்தினுக்கு இன்னொரு பக்கம் உண்டு. திணறிய திசுவுக்குள் ஆக்சிஜன் திரும்பி வரும்போது, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி ஹைப்போசாந்தினையும் ஆக்சிஜனையும் சேர்த்து வினைபுரிய வைக்கிறது. அந்த வினையில் சூப்பர் ஆக்சைடு போன்ற கட்டற்ற மூலக்கூறுகள் கிளம்புகின்றன. இவை செல்சவ்வையும் புரதத்தையும் மரபணு இழையையும் தாக்கும். நீண்ட நேரம் திணறிய குழந்தையின் உடலில் ஹைப்போசாந்தின் நிறையச் சேர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வெள்ளமாக ஆக்சிஜனைத் திறந்துவிட்டால்? மூச்சுத்திணறல் முடிந்த பிறகும் பாதிப்பு தொடரும். சிகிச்சையே அதைக் கூட்டும். 1980இல் சாக்ஸ்டாட் இந்தக் கருதுகோளை முன்வைத்தார். பின்னர் பன்றிக்குட்டிகளில் சோதித்தபோது சாதாரணக் காற்றே ஆக்சிஜனுக்கு இணையாக உயிர்ப்பித்தது. பன்றிக்குட்டி வேறு, மனிதக் குழந்தை வேறு. உலகமே ஆக்சிஜன் கொடுக்கும்போது, கொடுக்காமல் பார்ப்போம் என்று ஒரு குழந்தையை வைத்து யார் சோதிப்பார்கள்?

சோதித்தவர் டெல்லியின் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சித்தார்த் ராம்ஜி. அவரும் சக மருத்துவர்களும் சாக்ஸ்டாட் குழுவும் சேர்ந்து செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. மூச்சில்லாமலோ இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 80க்குக் கீழே இறங்கியோ பிறந்த 84 குழந்தைகள். 42 பேருக்குச் சாதாரணக் காற்று, 42 பேருக்கு நூறு சதவீத ஆக்சிஜன். காற்றுக் குழுவில் 3 பேரும் ஆக்சிஜன் குழுவில் 4 பேரும் இறந்தார்கள். 84 பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் சாதாரணக் காற்று கொடுத்தால் குழந்தை செத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அடுத்த ஆய்வுக்குக் கதவு திறந்தது.

இந்த ஆய்வு இந்தியாவில் நடந்ததில் ஒரு நியாயமும் இருந்தது என்று நினைக்கிறேன். அன்றைய இந்தியாவில் ஏராளமான பிரசவங்கள் ஆக்சிஜன் சிலிண்டரையே கண்டிராத இடங்களில் நடந்தன. அங்கே மருத்துவச்சியோ செவிலியரோ கொடுத்ததெல்லாம் சாதாரணக் காற்றுதான். அது எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வி நார்வேயைவிட நமக்கே அவசரமானது.

அடுத்த ஆய்வின் பெயர் ரெசேர் 2. 1994 ஜூன் முதல் 1996 மே வரை, இந்தியா, எகிப்து, பிலிப்பைன்ஸ், ஸ்பெயின், நார்வே உள்ளிட்ட 6 நாடுகளின் 11 மருத்துவமனைகளில் 609 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எது என்று பிரித்த விதம் எளிமையானது: இரட்டைப்படைத் தேதியில் பிறந்தால் காற்று, ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தால் ஆக்சிஜன். முறையான சீட்டுக் குலுக்கல் இல்லை, எந்த வாயு என்று மருத்துவருக்கு முன்பே தெரியும், அதனால் சார்பு நுழைந்திருக்கலாம் என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். விமர்சனம் சரிதான். ஆனால் 1998இல் வெளியான முடிவு அலட்சியம் செய்யத் தக்கதல்ல. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் காற்றுக் குழுவில் 13.9 சதவீதம், ஆக்சிஜன் குழுவில் 19 சதவீதம். புள்ளியியல் கண்ணில் இது உறுதியான வித்தியாசம் ஆகவில்லை. எனக்கு அதைவிடச் சுவையான எண் இன்னொன்று: முதல் மூச்சு வரக் காற்றுக் குழுவில் 1.1 நிமிடம் ஆனது, ஆக்சிஜன் குழுவில் 1.5 நிமிடம். மூச்சு வர வேண்டும் என்று கொடுத்த வாயு மூச்சைத் தாமதப்படுத்தியது! ரத்தத்தில் ஆக்சிஜன் சட்டென்று ஏறியதும், சுவாசிக்கச் சொல்லும் உணர்விகள் அடங்கிவிடுவதே காரணம் என்று விளக்குகிறார்கள்.

அதற்குப் பிறகு ஆதாரம் குவிந்தது. ஸ்பெயினின் வாலன்சியாவில் மாக்சிமோ வென்டோ, நூறு சதவீத ஆக்சிஜனில் சில நிமிடங்கள் மட்டும் உயிர்ப்பிக்கப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் தடயத்தை 28ஆம் நாளிலும் கண்டார். சத்யன் லட்சுமிநரசிம்மாவின் குழு அமெரிக்காவில் ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்து, பிறந்ததும் சுத்த ஆக்சிஜன் பெற்ற குட்டிகளின் நுரையீரல் தமனிகள் பின்னர் எளிதில் இறுகுகின்றன என்று காட்டியது. ராம்ஜியின் தலைமையில் இந்தியாவின் 4 மருத்துவமனைகள் 431 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. இப்படிப்பட்ட 10 ஆய்வுகளில் இருந்த 2,164 குழந்தைகளை 2019இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றில் தொடங்கினால் இறப்பு 27 சதவீதம் குறைகிறது. உதவி தேவைப்படும் ஆயிரம் குழந்தைகளில் 46 உயிர்கள். பழைய ஆய்வுகளின் குறைகளால் இந்த ஆதாரத்துக்கு உறுதி குறைவு என்றே நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் திசை எல்லா ஆய்விலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனம் 1998ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே, அடிப்படை உயிர்ப்பித்தலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கட்டாயமில்லை என்று எழுதியது. ஏழை நாடுகளுக்கான சமரசம் என்று அதைப் பணக்கார நாடுகள் எண்ணின. 2010இல் அந்த நாடுகளின் நெறிகளும் மாறின: நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கு. இந்தியாவில் 2009இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஆக்சிஜன் மருத்துவத்தை ஏமாற்றியது இது முதல் முறை அல்ல. 1774இல் இந்த வாயுவைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி, அதில் மெழுகுவர்த்தி வேகமாக எரிந்து தீர்வதைப் பார்த்து, மனிதனும் அப்படிச் சீக்கிரம் தீர்ந்துவிடுவானோ என்று அப்போதே யோசித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1940களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டருக்குள் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள், பார்வை போயிற்று. வளர்ச்சி முடியாத விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து திரையையே இழுத்துப் பிய்த்துவிட்டன. 1942இல் பாஸ்டனில் இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்டது. ஆக்சிஜன்தான் காரணம் என்பதை 1951இல் மெல்பர்னின் கேட் கேம்பெல் சுட்டிக்காட்டினார். அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950இல் பிறந்த அப்படியொரு குறைமாதக் குழந்தை.

உடனே மருத்துவர்கள் மறுகோடிக்கு ஓடினார்கள். யாருக்கும் 40 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே என்று ஒரு காலம். பார்வையிழப்பு குறைந்தது, மூச்சுத்திணறி இறப்பவர்கள் கூடினார்கள். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் உயிரை இழந்திருக்கலாம் என்று 1973இல் இங்கிலாந்தின் கென்னத் கிராஸ் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் மருந்தைப் போல அளந்து கொடுக்க வேண்டிய பொருள் என்று மருத்துவ உலகம் இரண்டு பக்கமும் அடிபட்டே கற்றது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு வழக்கு உண்டு. 1996 ஆகஸ்டில் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தது, ஆக்சிஜன் பெற்றது, பிழைத்தது. அந்த எடையில் அதுவே சாதனை. ஆனால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆக்சிஜன் கொடுத்ததைவிட, கொடுத்த பின் கண்ணைப் பார்க்காமல் விட்டதே அங்கே பெரிய குற்றம். சரியான நாளில் பார்த்திருந்தால் லேசர் சிகிச்சையால் அந்தப் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் பிரசவ அறைக் கேள்விக்கே இன்னும் விடை தெளியவில்லை. நிறைமாதக் குழந்தைக்குக் காற்று நல்லதென்றால், இன்னும் மென்மையான குறைமாதக் குழந்தைக்கு அதைவிட நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியா முன்னின்று நடத்திய டார்பிடோ ஆய்வு 2017இல் இந்த எண்ணத்தை உலுக்கியது. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, சாதாரணக் காற்றில் தொடங்கியவர்களில் 22 சதவீதம் பேரும் சுத்த ஆக்சிஜனில் தொடங்கியவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். சிறிய எண்ணிக்கை, பின்னோக்கிப் பிரித்துப் பார்த்த கணக்கு. ஆனால் 12 ஆய்வுகளின் 1,055 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆய்வும், 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதிக ஆக்சிஜனில் தொடங்குவது உயிரைக் காக்கக்கூடும் என்ற பக்கமே சாய்ந்தது. அவர்களின் நுரையீரல் பக்குவப்படாதது. கொடுக்கும் ஆக்சிஜனில் கொஞ்சம்தான் ரத்தத்தை எட்டுகிறது. நடைமுறையில் 30 சதவீதத்தில் தொடங்கி, ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதுமே பல இடங்களில் இன்றைய வழக்கம்.

அனந்தபுரம் போன்ற ஊர்களின் சிறு மருத்துவமனைக்குத் திரும்புவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. 2020இல் நம் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. நாட்டின் சராசரி 28. இதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் பிரசவம் எங்கே நடந்தது என்று கேட்டுப் பயனில்லை. முதல் நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

அந்த நிமிடத்தின் முக்கியக் கருவி ஒரு ரப்பர் பை. டென்மார்க்கின் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸியும் 1956இல் கொண்டுவந்த ஆம்பு பேக். அழுத்தி விட்டால் தானே விரிந்து அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும். சிலிண்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். குழந்தையின் தலையை அளவாக நிமிர்த்தி, முகமூடியை மூக்கும் வாயும் மூட ஒழுகாமல் பிடித்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை, மார்பு லேசாக எழும்புகிற அளவுக்கு அழுத்த வேண்டும். மூன்று கிலோக் குழந்தைக்கு ஒரு மூச்சுக்குப் போக வேண்டியது 15 மில்லி அளவுக் காற்றுதான், மூன்று தேக்கரண்டி. முகமூடி சரியாக உட்காராவிட்டால் அந்த மூன்று தேக்கரண்டியும் கன்னத்தோரம் கசிந்துவிடும். அப்போது பைக்குள் இருப்பது காற்றா ஆக்சிஜனா என்பதால் ஒரு பயனும் இல்லை.

சரியாகச் செய்தால் முதலில் ஏறுவது இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காற்று உள்ளே போகிறது என்று பொருள். ஏறவில்லை என்றால் முதலில் சரிபார்க்க வேண்டியது முகமூடி, தலை இருக்கும் நிலை, தொண்டைச் சளி. அவற்றையெல்லாம் பார்த்த பிறகும் தேறாவிட்டால்தான் ஆக்சிஜன். சிலிண்டர்க் குழாயைப் பையோடு இணைத்தால் சுமார் 40 சதவீதம் கிடைக்கும்; பின்னால் ரிசர்வாயர் பையையும் மாட்டினால் 90க்கு மேல். காற்றையும் ஆக்சிஜனையும் அளந்து கலக்கும் விலை உயர்ந்த பிளெண்டர் இல்லாத இடத்தில் இதுவே கைக்கணக்கு. எனவே சிலிண்டர் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் நோயோ தொற்றோ உள்ள குழந்தைக்கு அடுத்த பல மணி நேரம் ஆக்சிஜனே உயிர். 2017 ஆகஸ்டில் கோரக்பூரில் ஆக்சிஜன் வினியோகம் தடைப்பட்ட இரண்டு நாட்களில் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை நாடு மறந்திருக்காது.

பயிற்சிதான் இங்கே சிக்கல். மாதத்துக்குச் சில பிரசவம் மட்டும் பார்க்கும் நிலையத்தில், பையை அழுத்த வேண்டிய குழந்தை வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். எப்போதோ ஒரு முகாமில் கற்றது அந்த ராத்திரி இரண்டு மணிக்குக் கைக்கு வர வேண்டும். வாரம் ஒரு முறை பத்து நிமிடம் பொம்மையின் மேல் பழகினால் வரும்; சான்றிதழை மாட்டி வைத்தால் வராது. புது சிலிண்டர் வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம், செவிலியரின் கைப்பழக்கத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. நம் சுகாதாரத் துறைகள் எதற்கு முதலில் பணம் ஒதுக்குகின்றன என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

வெளிநாட்டில் நல்லதென்று நிரூபணமான சிகிச்சை இங்கேயும் நல்லதாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. திணறிய குழந்தையின் உடலை 33.5 டிகிரிக்கு மூன்று நாள் குளிர்வித்தால் மூளைச் சேதம் குறைகிறது என்பது மேலை நாடுகளில் உறுதியான பாடம். வேலூர் சிஎம்சியும் இதை எளிய முறையில் செய்து ஊக்கமான முடிவு கண்டது. ஆனால் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலும் 408 குழந்தைகளோடு நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வந்தபோது, குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் பேரும் குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்திருந்தது தெரிந்தது. ஏன் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. டெல்லியில் ராம்ஜி செய்ததைப் போல நம் குழந்தைகளுக்கான கேள்வியை நாமே கேட்டு நாமே அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அனந்தபுரமோ வேறு ஊரோ, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: பிரசவ நேரத்தில் தாயைப் பார்ப்பவரைத் தவிர, குழந்தையை மட்டும் பார்க்க, ஆம்பு பேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அறையில் இருப்பாரா? குழந்தை 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்திருந்தால், ஆக்சிஜன் கொடுத்தார்களோ இல்லையோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைந்தோ பிறந்தது என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே காட்ட வேண்டும். மருத்துவமனையில் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.